மாப்பிள்ளைக்குச் சூடு ஆகாது

மூன்றாம் மாடியில் கண்ணாடி அறைக்குள் இருந்த இயந்திரத்துக்கு விற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. நீளமான பெயர். ஆய்வகத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது மாப்பிள்ளைதான். பெயர் சூட்டிய புண்ணியவதி யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. வைத்தவள் வாழ்க்கையில் அடிபட்டவள் என்பது மட்டும் நிச்சயம். மாப்பிள்ளைக்குத் தனி அறை, தனி ஏசி. வேலை தொடங்குவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் பரிமாறி வைத்துவிட வேண்டும். மருந்து மாதிரிகள் உள்ள தட்டு இந்தப் பக்கம், செல்கள் வளரும் தட்டு அந்தப் பக்கம், உறிஞ்சும் முனைகள் நடுவில். ஒரு தட்டு நூலிழை தள்ளியிருந்தால் போதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். யாராவது போய்த் தட்டைச் சரிசெய்து, பொத்தானை அழுத்தி, கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மறுபடி கை நீட்டுவார்.

ஆனால் கை நீட்டிவிட்டால் குறை சொல்ல முடியாது. ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு மருந்து விழ வேண்டும், ஒன்றில் கூடாமல் ஒன்றில் குறையாமல். பத்துப் பேர் நாள் முழுக்கக் குனிந்து செய்து முதுகு ஒடிகிற வேலையை மாப்பிள்ளை ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார். அதனால்தான் இத்தனை உபசாரம்.

மாப்பிள்ளையைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு குட்டியுடையது. குட்டி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிடக் கூடாது. நாற்பதைத் தாண்டியவன், வாசல்களில் தலை இடிக்கிற உயரம், காதோரம் நரைத்துவிட்ட இயந்திரப் பொறியாளன். அந்தப் பெயர் வீட்டோடு நின்றிருக்க வேண்டியது. ஆனால் அவனுடைய அக்கா அதே நிறுவனத்தில் இரண்டாம் மாடியில் தலைமை வேதியியலாளராக இருந்தாள். புதுப்புது மூலக்கூறுகளைச் செய்து பார்ப்பது அவள் வேலை. ஒருநாள் நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து, "டேய் குட்டி, சட்டைக் காலரை மடிச்சு விடு!" என்று அவள் கத்தினாள். அன்றோடு அவனுடைய பதவி, படிப்பு, சம்பளம் எல்லாம் அடிபட்டுப் போயிற்று. அவனுக்குக் கீழே வேலை செய்பவர்கள்கூட முதுகுக்குப் பின்னால் குட்டி சார் என்றார்கள்.

அவனுக்கு இங்கே நேர்முகத் தேர்வு நடந்த அன்று அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவள். தம்பிக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. வேலை கிடைத்த பிறகு மட்டும் தடுக்க ஆளில்லை. கூட்டங்களில் அவன் அவளை "மேடம், நீங்க" என்பான், அவள் அவனைப் பொறியாளர் என்பாள். கதவைத் தாண்டியதும் டேய்தான்.

அக்காவிடம் ஒரு மாற்றம் வந்திருப்பதைக் குட்டி கொஞ்ச நாளாகவே கவனித்திருந்தான். பேசிக்கொண்டே இருப்பாள்; திடீரென்று கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்து ஏறும், மேலுதட்டில் வியர்வை பூக்கும். வெள்ளைக் கோட்டைக் கழற்றுவாள், கையில் கிடைத்த காகிதத்தால் விசிறிக்கொள்வாள், "இந்த ரூம்ல காத்தே இல்ல" என்று ரூமைத் திட்டுவாள். சற்று நேரத்தில் அதே கோட்டை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். மாதவிடாய் நிற்கும் வயது. அவனுக்குப் புரிந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை என்பதும், ஏன் சொல்லவில்லை என்பதும்கூடப் புரிந்தது. சத்தம் போட வேண்டிய இடத்தில் சத்தம் போட்டுத்தான் அவள் அந்த நாற்காலிக்கு வந்தவள். விஷயம் வெளியே தெரிந்துவிட்டால், அதன்பிறகு அவள் கோபப்பட்டால் அது கோபமாக இருக்காது. வயசுக் கோளாறு ஆகிவிடும்.

அவளுடைய மூலக்கூறு ஒன்று மாப்பிள்ளையிடம் சோதனைக்கு வந்த நாள் முதல் அவள் மூன்றாம் மாடிக்கு அடிக்கடி வர ஆரம்பித்தாள். அப்படி வந்த முதல் நாளே கண்ணாடி அறைக்குள் அவளுக்கு அந்தச் சூடு ஏறியது. குட்டி எதுவும் பார்க்காதவன் போல் திரையைப் பார்த்துக்கொண்டு, ஏசியைப் பதினாறுக்குக் குறைத்தான்.

"எதுக்குடா?"

"மாப்பிள்ளைக்குச் சூடு ஆகாதுக்கா. மோட்டார் சூடாயிடும்."

அக்கா குளிர்காற்று விழுகிற இடமாகப் பார்த்து நின்று கண்ணை மூடிக்கொண்டாள். "நல்ல மாப்பிள்ளை" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த அறை பதினாறிலேயே நின்றுவிட்டது. அக்கா ஏதாவது ஒரு அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்து ஒரு மூலையில் நின்று படிப்பாள். முகம் தெளிந்து போவாள். குட்டி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாலே தும்முகிறவன். கோட்டுக்கு உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சந்தோஷமாக நடுங்கினான். அக்காவுக்கு அவன் செய்து கொடுக்க முடிந்தது என்று வாழ்க்கையில் பெரிதாக எதுவும் இருந்ததில்லை. எல்லாம் அங்கிருந்து இங்கேதான் வந்துகொண்டிருந்தது. இந்தக் குளிர் ஒன்றுதான் அவன் தரப்பு.

அவள் செய்த மூலக்கூறுக்கு நிறுவனம் ஒரு நீண்ட எண் கொடுத்திருந்தது. அக்கா அதைக் கோணல் என்பாள். படம் வரைந்து பார்த்தால் ஒரு வளையம் மட்டும் ஒருபக்கமாகச் சாய்ந்து தொங்கும். ஈரலில் தழும்பு கட்டி இறுகிப்போகும் நோய்க்கு என்று செய்தது. எத்தனையோ செய்து, எத்தனையோ தூக்கிப் போட்டு, கடைசியில் உருப்படியாக வந்தது இந்த ஒன்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அக்கா கோணலைப் பற்றிப் பேசும்போது அவள் கைகள் காற்றில் அந்த வளையத்தை வரைந்துகொண்டே இருக்கும்.

சோதனை முறை எளிமையானது. தழும்பு உண்டாக்கும் செல்கள் தட்டில் பளபளவென்று ஒளிரும்படி செய்திருப்பார்கள். மருந்து வேலை செய்தால் ஒளி மங்கும். மருந்தின் அளவு கூடக்கூட ஒளி இறங்கிக்கொண்டே வந்தால், கணினித் திரையில் ஒரு கோடு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கும். அக்கா தன் ஆய்வகத்தில் கையால் செய்து பார்த்தபோது அந்தக் கோடு அழகாக இறங்கியது. கையால் செய்தது முதல் படிதான். மாப்பிள்ளையும் ஆமாம் என்று சொன்னால்தான் அடுத்த கட்டம்.

மாப்பிள்ளை இல்லை என்றார். கோடு இறங்கவே இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தரையில் படுத்துவிட்ட மாடு மாதிரி நேராகக் கிடந்தது. இரண்டாவது முறை ஓட்டினார்கள். அப்போதும் அதே படுக்கை. மாதிரி கெட்டுவிட்டதா என்று எடுத்துப் போய்ப் பார்த்தார்கள். சுத்தமாக, முழு வீரியத்தோடு இருந்தது. இயந்திரம் கெட்டுவிட்டதா என்றால், செல்கள் இருந்த அதே தட்டில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பழைய மருந்து ஒன்று எப்போதும் போல் ஒளியை மங்கச் செய்திருந்தது. மாதிரியில் குற்றமில்லை, இயந்திரத்தில் குற்றமில்லை. மிச்சம் இருந்தது அக்காவின் கை.

வாராந்தரக் கூட்டத்தில் உயிரியல் பிரிவின் தலைவர் அதை நாசூக்காகவே சொன்னார். "கையால பண்றப்போ சில நேரம் மனசும் கூடவே வேலை செஞ்சிடும், மேடம். எல்லாருக்கும் நடக்கிறதுதான்." எல்லோரும் லேசாகச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து குட்டி பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு உதட்டைவிட்டு ஒரு அங்குலம்கூட மேலே ஏறவில்லை. இயக்குநர் நிதானமான மனிதர். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போடலாம். "திங்கக்கிழமை முடிவு பண்ணிடலாம்" என்றார். முடிவு என்றால் கோணலை மூடிவிடுவது. அது எல்லோருக்கும் தெரியும்.

நடைவழியில் குட்டி அவள் பின்னாலேயே ஓடினான். தன் இயந்திரம் தன் அக்காவின் கையைப் பொய்யாக்கிவிட்டதே என்று அவனுக்கு ஆறவில்லை.

"அக்கா, மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாம். நான் கேக்குறேன்."

"வேணாம்டா. மாப்பிள்ளை பொய் சொல்ல மாட்டான். நீ வளத்த பையனாச்சே." அவன் காலரைச் சரிசெய்தாள். "எனக்குத்தான் ஆசை கண்ணை மறைச்சிருக்கும். ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. உங்க மாமா தனியா நடுங்கிக்கிட்டு இருக்கார், துணைக்கு ஆள் தேடுறார்."

அவள் தன் கையைத் தானே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். குட்டிக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போனான். அக்காவின் கணவர், அவனுடைய மாமா, கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துபவர். பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் பிரேக்கை மறந்து மரத்தைப் பார்த்துப் போனாலும் பதறாமல் உட்கார்ந்து பழகியவர். அந்தப் பழக்கம் வீட்டிலும் கைகொடுத்தது. வீட்டில் ஏசி, மின்விசிறி இரண்டும் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு ஓடின. மாமா குளித்துவிட்டு வந்தார்: தலையில் துண்டு, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே ஒரு போர்வை, கையில் தேங்காய் எண்ணெய் பாட்டில்.

"குட்டி, இந்த வீட்டுல எண்ணெய் வாங்கினா வெண்ணெய் கிடைக்குது பாரு" என்று பாட்டிலை நீட்டினார். "குளியலறை அலமாரில வெச்சதுதான். தலைக்குத் தேய்க்கணும்னா இதை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் வெயில் காட்டணும்."

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "கைல வெச்சுத் தேய்ங்க, உருகிடும். ஒரு பாட்டில் எண்ணெய்க்கு இவ்வளவு ஒப்பாரியா!"

"கையே உறைஞ்சு போச்சும்மா, அது எங்க உருக்கும்?"

குட்டி சிரித்துக்கொண்டே பாட்டிலை வாங்கிச் சாய்த்தான். மேலே விரற்கடை அளவு தெளிவாக ஓடியது. கீழே வெள்ளை வெளேரென்று அசையாமல் இருந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது.

மருந்து மாதிரிகளைக் கரைத்து வைக்கும் திரவம் ஒன்று உண்டு. டிஎம்எஸ்ஓ என்பார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், ஆனால் பதினெட்டு டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். குட்டிக்கும் தெரியும். தெரிந்திருப்பது வேறு, வேண்டிய நேரத்தில் ஞாபகம் வருவது வேறு. கண்ணாடி அறைக்கு அவர்கள் வெப்ப எச்சரிக்கை மணி வைத்திருந்தார்கள், குளிருக்கு வைக்கவில்லை. இயந்திரத்தைக் குளிர் என்ன செய்யும் என்று விட்டுவிட்டார்கள். கோணலின் தட்டு தன் முறைக்காக அந்தக் குளிரில் வெகுநேரம் காத்திருந்திருக்கிறது. மாப்பிள்ளையின் முனை குழிக்குள் இறங்கி, உறைந்த கட்டியில் குத்தி, வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டு வந்து, அந்தக் காற்றைக் கடமை தவறாமல் செல்களுக்கு ஊட்டியிருக்கிறது. எடுத்தது மருந்தா காற்றா என்று பார்க்கும் வசதி இந்த மாடலில் கிடையாது.

அப்படியென்றால் பழைய மருந்து மட்டும் எப்படி வேலை செய்தது?

"அக்கா!" என்று சமையலறை வாசலுக்குப் போனான். "கோணலைக் கரைச்சது புது பாட்டிலா, பழைய பாட்டிலா?"

"புதுசுதான். ஒவ்வொரு தடவையும் புது பாட்டில் உடைப்பேன், காத்துப் படாம மூடி வெப்பேன். ஒரு பொட்டு ஈரம் பட்டா எனக்குப் பிடிக்காது. நான் என்ன உன்னை மாதிரி அழுக்கா?"

அவ்வளவுதான். டிஎம்எஸ்ஓ காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும்; ஈரம் ஏறிவிட்டால் அவ்வளவு எளிதில் உறையாது. பழைய மருந்தைக் கரைத்து வைத்திருந்தது வேறு தட்டில்; அந்தத் தட்டை நூறு தடவை திறந்து மூடியிருப்பார்கள். அது ஈரத்தைக் குடித்துக் குடித்து, எந்தக் குளிருக்கும் உறையாத தோல் தடித்த ஆசாமியாகிவிட்டது. அக்காவின் கோணல் சுத்தமாக இருந்தது. அதனால் உறைந்தது. பிறகு அதைப் பரிசோதிக்க இரண்டாம் மாடிக்கு எடுத்துப் போனபோது, அங்கிருந்த வெதுவெதுப்பில் உருகி, ஒன்றும் நடக்காதது போல் நின்றிருக்கிறது. சுத்தம் சோறு போடும் என்பார்கள். இங்கே அது சோற்றில் மண்ணைப் போட்டிருந்தது.

"எங்கடா எழுந்து ஓடுற? சாப்பிடலையா?"

"மாப்பிள்ளையை அணைக்காம வந்துட்டேன்கா!"

"எண்ணெய் பாட்டிலை வெச்சுட்டுப் போப்பா" என்றார் மாமா.

ஞாயிற்றுக்கிழமைப் பகலில் ஆய்வகம் வெறிச்சோடிக் கிடந்தது. குட்டி டிஎம்எஸ்ஓவின் புது பாட்டில் ஒன்றைத் திறந்து, ஒரு தட்டின் குழிகளில் ஊற்றி, கண்ணாடி அறைக்குள் வைத்துவிட்டு, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தான். காத்திருந்தான். குழிகள் ஒவ்வொன்றாக வெளுத்தன.

முதலில் அவனுக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. அக்காவின் கை பொய் சொல்லவில்லை. அடுத்த நிமிடமே அந்த ஆசை போய்விட்டது. கோணலின் கழுத்தை நெரித்தது யார் என்றும் தெரிந்துவிட்டது அல்லவா? வேறு யாருமில்லை. பெரிய பாசக்காரன், ஸ்டூலில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறான். அக்காவுக்கு ஆயுசிலேயே ஒரே ஒரு நல்லது செய்யப் போய், அதுவே அவள் கையைப் பொய்யாக்கி, பத்துப் பேர் முன்னால் அவளை அப்படிச் சிரிக்க வைத்துவிட்டது. அவனுக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழுதான். மாப்பிள்ளை கையை மடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

நாளைக்குக் கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அறை ஏன் குளிராக இருந்தது என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் அக்கா யாருக்கும் தெரிய வேண்டாம் என்று பொத்தி வைத்திருந்ததை ஊருக்குச் சொன்னதாகிவிடும். அவனுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்குப் புழுக்கமாக இருந்தது, நான்தான் குறைத்தேன் என்று சொல்லிவிடுவது. மாப்பிள்ளையை வேறு ஒருவர் பொறுப்பில் விட்டாலும் விடுவார்கள். விடட்டும்.

திங்கட்கிழமை அவன் போவதற்குள் அக்கா கூட்ட அறையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கோணலின் கோப்பு மூடியபடி அவள் முன்னால் இருந்தது. மேலே இரண்டு கையையும் வைத்திருந்தாள். இயக்குநர் பேச்சைத் தொடங்க வாயைத் திறந்து, அது முழுதாகத் திறப்பதற்குள் குட்டி எழுந்து நின்றுவிட்டான். படத்தைக் காட்டினான். உறைந்த குழிகள். ஈரம் குடித்த பழைய மருந்து, குடிக்காத புது மருந்து. ஒரே மூச்சில் கொட்டினான். உயிரியல் தலைவர் கண்ணாடியைக் கழற்றிப் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். அக்கா படத்தைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் தன் வழக்கமான இடைவெளியை விட்டார். "சரி. அந்த அறை இருபத்திரண்டுல இருக்கணும். யார் குறைச்சது?"

"நான்தான் சார். எனக்கு... ரொம்பப் புழுக்கமா இருந்துச்சு."

இயக்குநர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கோட்டின் கழுத்துக்குள்ளிருந்து பச்சை நிறக் கம்பளி ஸ்வெட்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா புழுங்குது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குட்டி ஸ்வெட்டரின் கழுத்தை உள்ளே தள்ளினான். தயார் செய்த பொய்யில் ஸ்வெட்டருக்கு இடம் விடவில்லை. "அது வந்து சார், காலையில பஸ்ல..." என்று ஏதோ ஆரம்பித்தான்.

"அவனுக்கு இல்ல சார். எனக்காக" என்றாள் அக்கா.

"அக்கா, நீ சும்மா இரு!"

கூட்டத்தில் அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நீ சும்மா இருடா." அக்கா இயக்குநரைப் பார்த்தே பேசினாள். "எனக்கு மாதவிடாய் நிக்கிற வயசு, சார். திடீர் திடீர்னு உடம்பு தீயா எரியும். நான் யார்கிட்டயும் சொல்லல. இவன் கிட்டயும் சொல்லல. இவனா பாத்து, இவனா ரூமைக் குளிர வெச்சிருக்கான். தப்புன்னா அதுல பாதி எனக்கும் சேரும்."

இந்த முறை இயக்குநரின் இடைவெளியில் முழுத் தூக்கமே போடலாம் போலிருந்தது.

"எங்க வீட்டுல ஜன்னல் எல்லாம் ராத்திரி பூரா திறந்தேதான் கிடக்கு" என்றார் கடைசியில். "நான் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுத் தூங்குறேன்." ஒரு தாளைப் புரட்டினார். "அறையை இருபத்திரண்டுக்கு ஏத்துங்க. குளிருக்கும் ஒரு மணி கட்டுங்க. ஒரே ஒரு தடவை ஓட்டலாம். அதுலயும் கோடு நேரா வந்தா மூடிடறோம். சரியா, மேடம்?"

"சரி சார்."

வெளியே வந்ததும் குட்டி வாயைத் திறப்பதற்குள் அவள் அவன் காதைப் பிடித்தாள். நடைவழியில் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்ததைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"மாப்பிள்ளைக்குச் சூடு ஆகாதாமே! அந்த மெஷின் புத்தகத்தை நானும் படிச்சிருக்கேன்டா. இதைவிட ரெட்டைச் சூட்டுலயும் அது ஜம்முனு ஓடும்."

"தெரியுமா? தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? வீட்டுல, ஆபீஸ்ல, எல்லாருக்கும் எது வேணும்னு பாத்துப் பாத்து நான் செய்யறேன். எனக்கு என்ன வேணும்னு நான் சொல்லாம ஒருத்தன் செஞ்சான். அதைப் போய்க் கேட்டுக் கெடுத்துக்குவேனா?" காதை விட்டாள். "ஆனா டிஎம்எஸ்ஓ உறையும்னு எனக்கும்தான் தோணல பாரு. அந்தக் குளிர்ல நின்னா மூளையும் சுகமா தூங்கிடுது."

அன்று மத்தியானம் கோணலின் கடைசித் தட்டு மாப்பிள்ளை முன்னால் வைக்கப்பட்டது. அறை இருபத்திரண்டில் இருந்தது. குட்டி ஒவ்வொரு குழியையும் விளக்கைப் பிடித்துப் பார்த்தான். எல்லாம் தெளிந்த நீராக இருந்தன. வெளியே போய் உட்காரும்படி அக்காவைக் கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. கை இறங்கி, உறிஞ்சி, நகர்ந்து, சொட்டிக்கொண்டிருக்கும்போது அவளுக்குச் சூடு ஏறியது. குட்டி முனைகள் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிற ஆரம்பித்தான். கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள்.

"என்னைப் பாக்காதேடா, அவனைப் பாரு" என்றாள். ஆனால் விசிறியின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செல்கள் மருந்தோடு கொஞ்ச காலம் கிடக்க வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டு பேரும் கோணலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா மட்டும் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க அக்கா இன்னிக்குச் சாம்பார்ல ரெண்டு தடவை உப்புப் போட்டா. நான் ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டேன். சீக்கிரம் அந்த மெஷினை முடிக்கச் சொல்லு" என்றார்.

ஒளியை அளக்கும் நாள் வந்தது. காலை வெயில் கண்ணாடி அறைக்குள் சாய்ந்து விழுந்திருந்தது. அளக்கும் கருவி தட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"நீ பாத்துச் சொல்லு. என்னால முடியாது."

"சரிக்கா."

"இல்ல, சொல்லாதே. சரியா வரலேன்னா வாயால சொல்லாதே. சும்மா தோள்ல கையை வை. நான் புரிஞ்சுக்குவேன்."

குட்டி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. முதல் புள்ளி மேலே. இரண்டாவதும் மேலே. மூன்றாவது கொஞ்சம் கீழே. நான்காவது இன்னும் கீழே. அதற்கப்புறம் மலைச்சரிவில் உருளுகிற கல் மாதிரி மடமடவென்று இறங்கி, அடியில் போய்ப் படிந்தன. கணினி அந்தப் புள்ளிகள் வழியாக ஒரு கோட்டை வரைந்தது. அக்கா கையால் செய்தபோது வந்த அதே கோடு. மயிரிழைகூட மாறாத அதே கோடு. இது மருந்தாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இன்னும் எத்தனையோ சோதனைகளில் எத்தனையோ விதமாகக் கோணல் செத்துப் போகலாம். ஆனால் இன்று சாகவில்லை.

அவன் ஏதோ சொல்ல நினைத்தான். வார்த்தைக்கு முன்னால் கண்ணீர் வந்தது. கண் மறைத்தது. கை தானாக நீண்டு அக்காவின் தோளில் விழுந்தது.

அக்காவின் உடம்பு ஒரு கணம் விறைத்து, மெல்லத் தளர்ந்தது. அவள் திரும்பவில்லை. தோளிலிருந்த அவன் கைமேல் தன் கையை வைத்துத் தட்டிக் கொடுத்தாள்.

"சரி, விடு" என்றாள். "விடுடா. அழறியா என்ன? இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? நீ செஞ்சது தப்பே இல்ல, கேட்டியா? ராத்திரி உக்காந்து உன்னையே திட்டிக்காதே, எனக்குத் தெரியும் உன்னை. மூலக்கூறு போனா நான் இன்னொண்ணு செஞ்சுக்குவேன். தம்பி போனா நான் எங்க போய்ச் செய்யறது?"

குட்டிக்கு அப்போதுதான் தன் கை எங்கே இருக்கிறது என்று உறைத்தது. பதறிப் போய் நாற்காலியோடு அவளை அப்படியே திரைப்பக்கம் திருப்பினான். அக்கா பார்த்தாள். நெருங்கிப் போய்ப் பார்த்தாள். திரையில் விரலை வைத்து, கோடு மேலிருந்து இறங்குகிற இடம் முழுக்கத் தடவிக்கொண்டே போனாள். செத்துவிட்டது என்று நினைத்தபோது வராத கண்ணீர் இப்போது பொலபொலவென்று கொட்டியது.

"படுபாவி! அப்புறம் எதுக்குடா தோள்ல கை வெச்ச?"

"நல்லா வந்தா என்ன பண்ணணும்னு நீ சொல்லவே இல்லையேக்கா" என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அக்கா பதில் சொல்லப் போய் நிறுத்திக்கொண்டாள். நன்றாக வரும் என்று அவள் நினைத்திருக்கவே இல்லை.